திருகின்மேல் வைத்த கடுகு

பாடசாலையிலிருந்து வந்த ஹப்ஸா, அபாயாவைக்கூடக் கழற்றாமல் நேரே குசினிக்குப் போனாள். கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, கேஸ் சிலிண்டருக்கு முன்னால் மெல்லக் குனிந்தாள். காலையில் சிலிண்டரின் திருகின்மேல் தன் கையாலேயே வைத்துவிட்டுப் போன கடுகு அங்கே இல்லை. சுவரோரத் தரையில் கறுப்புப் புள்ளியாகக் கிடந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை, ஆறுதல்தான் வந்தது. ஆள் ஒன்று வந்து தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. அப்படியானால் தன் தலையில் குறையொன்றுமில்லை.

ஏழு வருடமாக அவளுக்கு மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் வருத்தம். நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் நோய் அது. முதலில் இடது கண் மங்கித் தெளிந்தது. பிறகு வலது கால் சொற்கேளாமற் போனது. யோசனையையும் ஞாபகத்தையும் கூட இந்த வருத்தம் தொடக்கூடும் என்று கண்டியில் பார்க்கும் வைத்தியர் ஒருமுறை சொன்னபோது, அவள் அந்தப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டாள். சாய்ந்தமருதில் ஒரு பெண்கள் பாடசாலையில் இருபது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறவள் அவள். கால் போனால் தடி இருக்கிறது. மற்றது போனால் எதை ஊன்றுவது?

ஆனால் கடந்த ஒரு வருடமாக வீட்டில் நடப்பவை கணக்குக்கு அடங்கவில்லை. மேசையில் வைத்த வீட்டுப் பூட்டின் திறப்பு ஆணியில் தொங்கியது. உப்புப் போட்டோமா என்று ஐயப்பட்ட மீன் ஆணத்தில் உப்பு அளவாக இருந்தது. அடுப்பில் விட்டுவந்த கேத்தல் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அவள் புள்ளியிட்டு வைத்த விடைத்தாள்களில் இரண்டொன்றின் கூட்டுத்தொகை வேறொரு சிவப்பு மையால் மாற்றப்பட்டிருந்தது. யாரோ அவளுடைய பொருள்களை இடம்மாற்றி, அவளுக்கே அவள்மீது நம்பிக்கையில்லாமற் செய்யப் பார்க்கிறார்கள். அப்படித்தான் அவள் முடிவு கட்டினாள்.

முதலில் கணவன் காலிதீனைச் சந்தேகித்தாள். நெற்செய்கைக்காரனான அவன், வேலையை விட்டு வீட்டில் இரு என்று எப்போதோ ஒருநாள் சொல்லியிருந்தான். ஆனால் சாகாமத்தில் வெள்ளாமை வெட்டுத் தொடங்கி அவன் வயல்வாடியிலேயே தங்கிவிட்ட பின்னரும் திறப்பு இடம்மாறியது. மகன் பேராதனையில் படிக்கிறான். ஆகவே மிஞ்சியது ஒரே ஆள்: தங்கை றஹீமா.

உம்மாவின் ஒரே வளவில் இரண்டு பெண்மக்களுக்கும் சீதனமாகக் கட்டிய வீடுகள் அவை. சுனாமிக்குப் பிறகு நடுவில் மதில் எழுப்பியபோது, உம்மா மேசனை மறித்து, ஓர் ஆள் நுழையுமளவுக்குக் கடப்பு ஒன்று விடச் செய்தார். உம்மா மௌத்தான பின்னும் அந்தக் கடப்புக்குக் கதவு போட யாரும் நினைக்கவில்லை. அக்காவின் வீட்டுக்குள் தங்கை வருவதற்குக் கதவு தட்டுகிற வழக்கம் அந்த ஊரிலே இல்லை. வந்து போனதைச் சொல்லுகிற வழக்கமும் இல்லை.

றஹீமாவும் அதே பாடசாலையில் அதே கணிதந்தான் படிப்பிக்கிறாள், ஒன்பதாம் வகுப்புக்கு. ஹப்ஸாவிடமிருந்து பதினோராம் வகுப்பைப் பறித்தால் அது போய்ச் சேருமிடம் றஹீமா. பறிக்கும் வேலை தொடங்கியும் விட்டது. போன கிழமை பாடசாலை அதிபர் ஹப்ஸாவைக் காரியாலயத்துக்கு அழைத்திருந்தார்.

"டீச்சர், ஒரு கணக்கப் பாதியில விட்டுட்டு மத்தக் கணக்குக்குப் போறீங்க எண்டு புள்ளைகள் சொல்றாங்க. ஒரே பாடத்த ரெண்டு நாள் படிப்பிச்சிரிக்கீங்க."

"புள்ளைகளுக்கு விளங்கல்ல. அதனால ரெண்டாந்தரம் படிப்பிச்சன்."

"சரி, இரிக்கட்டும். கல்முனையில ஒரு கிளினிக்கில இதுக்குச் சோதினை செய்றாங்களாம். போய் றிப்போட் கொண்டு வாங்க. வருத்தம் யோசனையத் தொடல்ல எண்டு வந்தா பதினொண்டு ஒங்கடதான். இல்லாட்டி…"

அதிபர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியங்களை ஹப்ஸா வெறுப்பவள். வெளியே வந்தபோது, வாசலில் வெண்கட்டிப் பெட்டியோடு றஹீமா நின்றுகொண்டிருந்தாள். அந்தக் காட்சியை ஹப்ஸா மறக்கவில்லை. மறதிக்காரி என்று சொல்லப்படுகிறவள் அதை ஒரு புள்ளி பிசகாமல் நினைவில் வைத்திருந்தாள்.

கடுகு விழுந்து கிடந்த அன்று மாலை, அசர் தொழுகைக்குப் பிறகு, பொரித்த மீன் கோப்பையோடு றஹீமா கடப்பால் நுழைந்தாள்.

"ராத்தா, நாளைக்கு நானும் கூட வாறன். வீட்டாக்கள்ள ஒராள் கட்டாயம் வரணுமாம்."

"ஒனக்கு ஆரு சொன்ன?"

"அதிபர்தான்."

"என்ட சோதினையப் பத்தி அதிபர் ஒனக்கிட்ட என்னத்துக்குக் கதைக்கிறா?"

"அல்லாஹ்வே! ஏன்கா இப்பிடிப் பாக்கீங்க? நானென்ன கள்ளியா?"

"கள்ளி எண்டு நான் சொல்லல்லியே. நீயாத்தான் சொன்ன."

றஹீமா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் கண் ஒருதரம் கேஸ் சிலிண்டரின் பக்கம் போய்த் திரும்பியது. அந்தப் பார்வையையும் ஹப்ஸா குறித்துக்கொண்டாள்.

"வாறதெண்டா வா," என்றாள். எதிரி கண்முன்னால் இருப்பதே நல்லது.

கிளினிக், கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருந்தது. தடியும் கைப்பிடியுமாக ஹப்ஸா படியேறி முடிக்கும்வரை றஹீமா பின்னால் கைகளை விரித்தபடி வந்தாள். பிடிக்கவா, தள்ளவா என்று ஹப்ஸா எண்ணாமலில்லை.

சோதனை செய்தவள் விதுசா என்னும் உளவியலாளர்; கல்முனைப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். றஹீமாவை வெளியே இருத்திவிட்டு, ஹப்ஸாவின் முன்னால் ஒரு தாளை வைத்தாள். மேலே ஒன்பது குறிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். கீழே அந்தக் குறிகள் வரிசை வரிசையாகக் கலைந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் உரிய இலக்கத்தை விரைவாகச் சொல்லவேண்டும். வெளியே கொண்டக்டர் ஒருவன் "அக்கரைப்பத்து, அக்கரைப்பத்து!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். ஹோர்ன் ஒன்று விடாமல் அலறியது. ஹப்ஸா தாளின் பாதியைத் தாண்டுமுன் நேரம் முடிந்துவிட்டது.

"இது வேகத்த அளக்குது, மிஸ். மூளைய அளக்கல்ல."

"வேகமும் மூளைட வேலதான், டீச்சர்."

"பதகளிச்சுக் கணக்குச் செய்யாதீங்க எண்டுதான் நான் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற."

விதுசா யன்னலைச் சாத்திவிட்டு, சொற்கள் சிலவற்றை ஒவ்வொன்றாக வாசித்தாள். நினைவில் உள்ளதைத் திருப்பிச் சொல்லவேண்டும். ஹப்ஸா அவற்றைக் கேட்கும்போதே, கணக்கில் செய்வதுபோல, இனம் இனமாகத் தொடைகளாகப் பிரித்துவிட்டாள்: மரக்கறி ஒரு தொடை, தளபாடம் ஒரு தொடை, பிராணிகள் ஒரு தொடை. மூன்றாம் முறை வாசித்தபோது ஒரு சொல்லும் விடுபடவில்லை. பிறகு காட்டி மறைத்த உருவங்களையும் கோணம் தவறாமல் வரைந்தாள்.

"மிச்சம் நல்லம், டீச்சர்."

அந்தப் புகழ்ச்சி ஹப்ஸாவுக்குப் பிடிக்கவில்லை. கணக்கில் பிழைவிடப்போகும் பிள்ளைக்குத் தானும் அப்படித்தான் முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்வாள்.

கடைசிச் சோதனைக்கு விதுசா ஓர் ஒலிப்பதிவை ஓடவிட்டாள். ஒரு குரல் இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும். கடைசியாகக் கேட்ட இரண்டையும் கூட்டி விடை சொல்லிக்கொண்டே, அடுத்த இலக்கத்தையும் கேட்கவேண்டும். ஹப்ஸாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒற்றை இலக்கக் கூட்டல்!

"மூன்று. ஐந்து."

"எட்டு."

"ஏழு."

"பன்னிரண்டு."

நாலைந்து விடைகளுக்குப் பிறகு, விடையைச் சொல்லும் கணத்தில் அடுத்த இலக்கம் நழுவியது. நழுவியதைப் பிடிக்கப் போகையில் அதற்கடுத்ததும் போனது. தொழுகை முடிந்து தஸ்பீஹ் ஓதும்போது செய்வதுபோல, அவளுடைய பெருவிரல் தானாகவே விரற்கணுக்களில் ஓடத் தொடங்கியது. கணுக்களிலும் ஒன்றும் அகப்படவில்லை. குரல் தன்பாட்டில் இலக்கங்களைச் சொல்லிக்கொண்டு போனது.

"நிப்பாட்டுங்க. இது ஓட ஓட வேகமாகுது."

"இல்ல, டீச்சர். ஒரே வேகந்தான்."

"திருப்பிப் போடுங்க. நான் பாக்கணும்."

விதுசா திருப்பிப் போட்டாள். ஹப்ஸா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, விநாடி முள்ளோடு குரலை ஒப்பிட்டாள். ஆரம்பத்திலும் மூன்று விநாடிக்கு ஓரிலக்கம். முடிவிலும் மூன்று விநாடிக்கு ஓரிலக்கம். கடிகாரத்தைத் திரும்பக் கட்டும்போது வாரின் துளையை ஊசி உடனே கண்டுபிடிக்கவில்லை.

"இனித் தங்கச்சியோட கொஞ்சம் தனியக் கதைக்கணும், டீச்சர். வீட்டில எப்படி இருக்கிறீங்க எண்டு கேக்கத்தான்."

"எனக்குப் பின்னால கதைக்கிறத முன்னாலயே கதைக்கட்டும்."

"முன்னால இருந்தா ஆக்கள் உண்மையச் சொல்லத் தயங்குவாங்க."

"எனக்கு முன்னால சொல்ல ஏலாத உண்மை என்ன உண்மை, மிஸ்? என்ட விசயம். எனக்கு உரிமை இரிக்கி."

விதுசா ஒப்புக்கொண்டு றஹீமாவை உள்ளே அழைத்தாள். ஹப்ஸா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதோ வந்துவிட்டது. திறப்பு, ஆணம், இரண்டு தரம் படிப்பித்த பாடம் எல்லாவற்றையும் தங்கை இப்போது கடைபரப்பப் போகிறாள். கடுகைப் பற்றிய ஒரே கேள்வியில் அவளை மடக்கவேண்டும் என்று ஹப்ஸா வாக்கியத்தையும் மனதில் கட்டிவைத்திருந்தாள்.

"அக்கா சாமான்கள எங்கயும் வச்சிட்டுத் தேடுறவங்களா?"

"இல்ல, மிஸ்."

"தொடங்கின வேலைய மறந்து போறது? அடுப்ப அணைக்காம விடுறது?"

"ஒருநாளும் இல்ல. எங்கட ராத்தாட ஒழுங்கு ஊருக்கே தெரியும்."

"முந்தியவிடச் சுணக்கமா?"

"கால்தான் சுணக்கம். மத்ததெல்லாம் முந்தியப் போலதான். நான் பக்கத்து வீடு. எனக்குத் தெரியாதா?"

ஹப்ஸா கட்டிவைத்த வாக்கியத்துக்கு இப்போது வேலையே இல்லாமற் போனது. றஹீமா அவளைப் பார்க்காமல் தன் முக்காட்டின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

விதுசா எழுதுவதை நிறுத்தினாள். "கூட்டல் சோதினையில டீச்சர் நல்லாக் கஷ்டப்பட்டாங்க. ஆனா வீட்டில ஒரு சிரமமும் இல்லையெண்டா, யன்னலச் சாத்தியும் கேக்கிற இந்தச் சந்தடியாலயும் பதட்டத்தாலயும் அப்படி வந்திருக்கும் எண்டு எழுத எனக்கு இடமிருக்கு."

அப்படி எழுதினால் பதினோராம் வகுப்பு அவளுடையது. ஹப்ஸா செய்யவேண்டியது ஒன்றுமில்லை. வாயைத் திறக்காமல் இருந்தாற் போதும்.

ஆனால் கடுகு தரையில் கிடந்தது. றஹீமா சொல்வது மெய்யானால் கடுகு விழுந்திருக்க முடியாது; கடுகு விழுந்தது மெய்யானால் றஹீமா சொல்வது பொய். பகைக்காகப் பொய் சொல்பவர்களை ஹப்ஸாவுக்குத் தெரியும். இந்தப் பொய் அவளுக்குச் சாதகமான பொய். அதுதான் அவளை உறுத்தியது. நிறுவல் பிழையாக இருக்கும்போது விடை சரியாக வந்துவிட்டதென்று அவள் எந்தப் பிள்ளைக்கும் புள்ளி போட்டதில்லை.

"றஹீமா. நேத்து நான் ஸ்கூலுக்குப் போனதுக்குப் பொறகு கேஸ் திருக ஆரு தொட்ட?"

"இப்ப அது என்னத்துக்கு, ராத்தா?"

"தொட்டயா இல்லியா?"

"மிஸ், நாங்க போவமா? ராத்தாக்குக் களைப்பு."

"எனக்குக் களைப்பில்ல. தொட்டயா?"

றஹீமா கதவைப் பார்த்தாள், விதுசாவைப் பார்த்தாள். இரண்டிடமிருந்தும் உதவி கிடைக்கவில்லை.

"தொட்டன்."

"என்னத்துக்கு?"

"பூட்டத்தான். தெறந்து கிடந்திச்சி, ராத்தா. அடுப்பும் எரிஞ்சி கிடந்திச்சி. பால்சட்டி காஞ்சி கறுத்துப் போய்… விளக்கி வச்சிட்டுத்தான் நான் ஸ்கூலுக்கு வந்தன்."

"பொய். நேத்து அந்தத் திருகுக்கு மேல நான் கடுகு வச்சன். பூட்டாத திருகுக்கு மேல கடுகு வைக்க எனக்கென்ன பைத்தியமா?"

"கடுகா?" றஹீமாவின் வாய் திறந்தபடி நின்றது. "நான் பல்லிப் பீ எண்டெல்லா தட்டிவுட்டன்!"

விதுசா குனிந்து மேசையில் இல்லாத எதையோ தேடினாள்.

ஹப்ஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நேற்றைய காலையைத் தேடிக்கொண்டிருந்தாள். கடுகுப் போத்தலைத் திறந்தது தெளிவாக இருந்தது. உருண்டையான கடுகொன்றைப் பொறுக்கியது, அது உருளாமல் திருகின் நடுவில் நிற்கும்வரை மூச்சை அடக்கியது, வெளியே ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தது எல்லாம் இருந்தன. திருகைப் பூட்டிய கை மட்டும் அங்கே இல்லை. எத்தனை தரம் திரும்பிப் போய்ப் பார்த்தாலும் கடுகு இருந்தது, கை இல்லை.

"எவ்வளவு காலமா?"

"ஒரு வருசமா. நீங்க ஓட்டோவில ஏறினதும் ஒருக்கா வந்து பாத்திட்டுப் போவன்."

"விடைத்தாள்?"

"கூட்டல் ரெண்டொண்டு பிழைச்சிருந்திச்சி. புள்ளைகள் கண்டாப் பேசுவாங்களே எண்டு…"

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற? திறப்பக் காணல்ல எண்டு மச்சானப் புடிச்சிக் கத்தினீங்களே ஒருநாள், அது எங்கட வீடு வரைக்கும் கேட்டிச்சி. அண்டைக்கே சொல்லப் பயந்துட்டன்."

"அதிபர்ட வாசல்ல என்னத்துக்கு நிண்ட?"

"பதினொண்ட எடுக்கச் சொல்லி அதிபர் வரச்சொன்னா. வேணாமெண்டு சொல்லத்தான் போனன்." இப்போது றஹீமாவின் குரல் உயர்ந்தது. "இங்கயும் ஒங்களுக்காகத்தான் பொய் சொன்னன். நீங்கதான் கெடுத்துப் போட்டீங்க!"

ஹப்ஸா தடியை எடுத்து முழங்கால்களுக்கிடையில் ஊன்றிக்கொண்டாள்.

"நீ எனக்கு உதவி செய்யல்ல, றஹீமா. என்ட விடைத்தாள நான் பாக்க முந்தித் திருத்திட்டாய். எது என்ட பிழை எண்டு தெரியாம, ஒரு வருசமா நான் என்ட வீட்டுக்குள்ள கள்ளனத் தேடிக்கொண்டு திரிஞ்சன்."

பிறகு விதுசாவின் பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்க, மிஸ். முழுசா எழுதுங்க."

அறிக்கை அடுத்த கிழமை வந்தது. ஞாபகமும் தர்க்கமும் குறைவின்றி இருக்கின்றன; தகவலைக் கையாளும் வேகம் குறைந்துள்ளது; ஒரே நேரத்தில் இரு காரியங்களைக் கவனிப்பது கடினம்; அமைதியான இடமும் சிறிய வகுப்பும் உகந்தவை. ஹப்ஸா அதைப் பலமுறை வாசித்தாள். ஒரு பிழையும் அகப்படவில்லை. அதுவே அவளுக்குச் சற்றுச் சந்தேகமாக இருந்தது.

அதிபரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். நாற்பது பிள்ளைகள் இரைந்துகொண்டிருக்கும் பதினோராம் வகுப்பு றஹீமாவுக்குப் போனது. போன பரீட்சையில் கணிதம் தவறி மறுபடி தோற்றும் ஒரு சில பிள்ளைகள் ஹப்ஸாவுக்கு. காலையில், வாசிகசாலையில், யன்னல்களைச் சாத்திக்கொண்டு. அவள் மறுக்கவில்லை. அன்று பாடசாலையில் றஹீமாவோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மாலையில் கடப்பருகே நின்று தானே கூப்பிட்டாள்.

"இனி நீ வரலாம். பாக்கலாம். கேஸ் தெறந்து கிடந்தாப் பூட்டு. ஆனா அண்டண்டைக்கே எனக்குச் சொல்லு. ஒண்டையும் ஒளிக்காத."

"கத்த மாட்டீங்களே?"

"கத்துவன். நீ சொல்லு."

றஹீமா சொல்வாளா? ஒரு வருடம் ஒளித்தவள், பாசத்தால் ஒளித்தவள். அந்தப் பழக்கம் ஒரு பேச்சில் போய்விடுமா? ஒரு கிழமை முழுவதும் "இண்டைக்கு ஒண்டுமில்ல, ராத்தா" என்றே வந்து சொன்னாள். ஹப்ஸா மறுபடி வைக்கத் தொடங்கியிருந்த கடுகும் திருகின்மேல் அப்படியே இருந்தது. அப்படியே இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இப்போது றஹீமாவுக்குக் கடுகின் விசயம் தெரியும். ஒன்று விழுந்தால் போத்தலிலிருந்து இன்னொன்றை எடுத்து வைப்பதற்கு எவ்வளவு நேரம் செல்லும்? கடுகுகளில் வித்தியாசம் ஏது?

ஆகவே திங்கட்கிழமை காலை அவள் வெந்தயத்தை எடுத்தாள். அதிலொன்றை வெட்டுக்கத்தியின் நுனியால் மெதுவாகப் பிளந்து, சரிந்த முகமுடைய ஒரு பாதியைத் தேர்ந்தாள். ஓட்டோ ஹோர்ன் அடித்தது. "பூட்டிட்டன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அந்தப் பாதியைத் திருகின்மேல் வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

பாடசாலை விட்டு வந்தபோது றஹீமா அவளுக்கு முந்தி வந்து கடப்பில் நின்றாள். வலக்கை பொத்தியிருந்தது.

"ராத்தா, இண்டைக்கு தெறந்து கிடந்திச்சி. பூட்டிட்டன்."

"நான் பூட்டிட்டன் எண்டு சொல்லித்தான் போனன்."

"சொன்னீங்களோ தெரியா. தெறந்துதான் கிடந்திச்சி."

ஹப்ஸாவின் முகம் இறுகியது. றஹீமா ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் பொத்திய கையை நீட்டி விரித்தாள்.

"இதுவும் மேல இருந்திச்சி. பல்லிடதில்ல எண்டு இந்தத் தரம் தெரிஞ்சிபோச்சி."

ஹப்ஸா தடியில் சாய்ந்து குனிந்து, தங்கையின் உள்ளங்கையை உற்றுப் பார்த்தாள். அங்கே இருந்தது பாதி வெந்தயம். முகம் சரிந்த பாதி.

"உள்ளுக்கு வா," என்றாள். "எப்பிடிக் கிடந்திச்சி எண்டு எனக்குக் காட்டு."